கடைசியாகப் பார்த்தது

வியாழன், காலை 7.40: மீன் ஆலைக்குப் பின்புறம்.
வெள்ளி, பகல் 2.15: மாதா கோயிலுக்குக் கீழே, ஓடை கடலில் சேரும் இடம்.
சனிக்கிழமை எவர் கண்ணிலும் படவில்லை.
ஞாயிற்றுக்கிழமை நான் போனேன்.

செயின்ட் ஜான்ஸிலிருந்து இரண்டு மணி நேரம்,
உப்புத் தூவிய சாலை,
இரவுப் பணி இறங்காத கண்கள்.
பின்னிருக்கையில் முக்காலி
குடித்துவிட்டு வந்த மாமனைப் போல
ஒவ்வொரு திருப்பத்திலும் சரிந்தது.

அயர்லாந்தில் அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்களாம்.
சாம்பல் நாரை. வாய்க்காலுக்கு ஒன்று நிற்கும்,
பேருந்தைத் தவறவிட்ட குமாஸ்தா மாதிரி.
நான்கு நாள் விடாமல் அடித்த கொண்டல்
அதை நியூஃபவுண்ட்லாந்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறது.
போட்டிருக்கிறதா
என்பதுதான் எங்கள் வழக்கே.

ஏனென்றால் இங்கே பெருநீல நாரையும் எப்போதாவது வரும்.
அதே கழுத்து, அதே கூன்,
உலகத்தின்மேல் அதே சலிப்பு.
தொடையைப் பார்க்க வேண்டும்:
அதற்குச் செம்பழுப்பு, இதற்கு வெள்ளை.
மூவாயிரம் கிலோமீட்டர் கடல்
உள்ளங்கையளவு இறகில் வந்து நிற்கிறது,
அந்த இறகையும்
காற்று தூக்கினால்தான் பார்க்கலாம்.

லியாண்டர் ஹைன்ஸ் முப்பத்தோரு வருடமாகக் குறிப்பேடு வைத்திருப்பவர்.
படம் இல்லையென்றால் பறவை இல்லை என்பார்.
ட்வைட்டும் கோரலியும் காரிலேயே தூங்கியிருந்தார்கள்,
கண்ணாடியின் உட்புறம் அவர்கள் மூச்சு உறைந்திருந்தது.
வெள்ளிக்கிழமை
இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி என்று போய்
அதைக் கிளப்பிவிட்டது யார் என்று யாரும் சொல்லவில்லை.
பனியில் காலடிகள் இருந்தன.
ஓடைவரை போயிருந்தன, அளவு பதினொன்று.

குளமெல்லாம் கல்.
ஓடுகிற தண்ணீர் இந்த ஒன்றுதான்.

பத்து மணிக்கு எனக்கு அடக்க முடியவில்லை.
மஞ்சள் வீட்டின் கதவைத் தட்டிக் கழிப்பறை கேட்டேன்.
லொரேட்டா கெரீன், தலையில் சுருட்டுக் கிளிப்புகள்,
'செருப்பைக் கழற்று' என்றாள், அவ்வளவுதான்.
திரும்பி வரும்போது சமையலறைத் தொட்டியில்
ஒரு கட்டிக் கேப்லின் மீன் உருகிக்கொண்டிருந்தது,
ஜூனில் கரையில் வாரியது,
பனிக்கட்டிக்குள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி.

'நாய்க்கா?'
'நாய் செத்து ரெண்டு வருஷம்.'

நான் கேட்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை.
வாளியில் பாதியை என் கையில் கொடுத்துவிட்டு
பின்கதவால் நடந்தாள்.

படகுக் கொட்டகையின் கால்களுக்கிடையே
ஒற்றைக் காலில்
இத்தனை சின்னதாக.
நான் மனதில் வைத்திருந்தது எவ்வளவு பெரியது.
மார்பெலும்பு கத்திமுனை போல் துருத்தியிருந்தது.
எங்களைப் பார்த்தது,
வாளியைப் பார்த்தது,
வாளியையே பார்த்தது.

'ராத்திரியெல்லாம் கத்துது. ஆணியைப் பிடுங்குற மாதிரி.
தூக்கம் போச்சு' என்றாள் லொரேட்டா,
மீனை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டே.

கேமரா காரில் இருந்தது.
அப்போது காற்று தூக்கியது.

சாலைக்கு வந்தேன். லியாண்டர் மூடி கழற்றிய பேனாவோடு,
'ஏதாவது?'
'இல்லை.'
எழுதினார்: ஞாயிறு, 10.35, காணவில்லை.
எழுதி நிமிர்ந்தவர் என் கையுறையைப் பார்த்தார்.
கட்டைவிரல் ஓரம் ஒரு செதில்,
வெயிலுக்கு அதுவும் சும்மா இருக்கவில்லை.

பேனாவை மூடினார்.
மஞ்சள் வீட்டை ஒருமுறை, ஓடையை ஒருமுறை.
குறிப்பேட்டை உள்சட்டைக்குள் திணித்துக்கொண்டு
'இங்கே நின்று பிரயோஜனமில்லை,
டிரெபாசி பக்கம் தேடுவோம்' என்று
எல்லோரையும் கிளப்பினார்.

ஐந்து கார்கள் தெற்கே போயின.
முன்னால் லியாண்டர்,
மூன்றாவது கியரில், தேவையில்லாத நிதானத்தோடு,
பின்னால் வருகிற எவரும்
முந்திவிடவோ திரும்பிவிடவோ முடியாதபடி.